பிள்ளை மடுவத்து ஒத்திகை

வருமான வரிக் கணக்கில் நான் ஒரு கட்டைப் பிரம்மச்சாரி. வீட்டில் மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்பு கிடக்கிறது. ஆனாலும் கணக்கு என்னை ஒற்றை ஆளாகத்தான் பார்க்கிறது. எங்கள் ஹோட்டலில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் கல்யாணமாகாத ரூம் போய்க்கு என்ன விலக்கோ, அதே விலக்குத்தான் எனக்கும்.

இதை யாரும் எனக்கு வந்து சொல்லவில்லை. சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவன் நான். ஊழியர்களின் சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்து அனுப்புவது என் வேலை. என்னுடைய வரியையும் நானேதான் பிடிக்கிறேன். என் பொக்கெட்டுக்குள் நானே கையை விட்டு எடுத்து அனுப்பிவிட்டு, பிறகு கன்ரீனில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவேன். முழுச் சுற்றையும் ஒரே ஆள் செய்வதால் வீண் அலைச்சல் இல்லை.

வெறும் சம்பளம் என்றால் வரி என்னைக் கண்டுகொள்ளாது. மாட்டிவிடுவது சேவிஸ் சார்ஜ், சாப்பிட வருகிறவர்களின் பில்லில் சேர்த்து எங்களுக்குப் பங்கு பிரிக்கிற காசு. வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வந்து குன்றில் ஏறி, முழங்கால் வலியோடு இறங்கி, பசியோடு சாப்பிடும் மாதங்களில் எங்கள் பங்கு கூடும். கூடியதும் வரி வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும். நாட்டில் சாமான் விலையெல்லாம் ஏறிக்கிடந்த காலத்தில், வரி தொடங்கும் எல்லையை இறக்கினார்கள் பாருங்கள், அப்போதுதான் அது முதன்முதலாக என் பக்கத்தில் உட்கார்ந்தது. மகளுக்கு அப்போது ஒரு வயது. தத்தக்கா புத்தக்கா என்று நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மனைவிக்கு மாத்தளை டவுனில் வேலை. தங்க நகை அடகு பிடிக்கிற ஓர் இடத்தில் கவுன்டருக்குப் பின்னால் இருக்கிறாள். மகப்பேற்று லீவு முடிந்ததும் அவளுடைய தங்கை வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். தங்கைக்குக் கல்யாணமாகி ஹட்டன் பக்கம் போனதும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பக்கத்திலும் அம்மாமார் இல்லை. டவுனில் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. சுவரெல்லாம் யானையும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்திருந்தார்கள். கட்டணத்தைக் கேட்டதும் யானை எங்களைப் பார்த்துச் சிரித்தது. மனைவியின் சம்பளத்தை அப்படியே அங்கே கொடுத்துவிட்டு, பஸ் காசுக்கு நான் யாரிடமாவது கேட்கவேண்டும்.

"வேலைய விட்டுறவா?" என்றாள்.

கேட்ட விதத்திலேயே விடக்கூடாது என்பது தெரிந்தது. அவள் பிறந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் பொம்பளைப் பிள்ளை அவள். விட்டால் அந்த நாற்காலிக்கு மறுநாளே வேறொரு பிள்ளை வந்துவிடும்.

"நான் வேணும்னா விட்டுட்டு வீட்டுல இருக்கேன்" என்றேன்.

"நீங்க புள்ளையப் பாப்பீங்க. ஒங்கள யாரு பாக்கிறது?"

அந்த நாட்களில்தான் தம்புள்ளையில் சம்பளக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. புது வரி விதிகளை விளக்க ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். நல்ல மனிதர். கோபமே வராத முகம். கடைசியில் கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எழுந்து சிங்களத்தில் கேட்டேன்.

"சேர், வேலைக்குப் போறதுக்காகப் புள்ளைய ஒரு இடத்துல விடுறோம். அதுக்குக் கட்டுற காச வருமானத்துல கழிக்கலாமா?"

"இல்ல. அப்படி ஒரு சலுகை இல்ல." கொஞ்சம் யோசித்தார். எனக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. "கூரையில சோலார் தகடு போட்டிருக்கீங்களா? அதுக்குச் சலுகை இருக்கு."

"வாடக வீடு சேர்."

"அப்ப அதுவும் சரிவராது."

"புள்ளையக் கூரையில ஏத்தி வெயில்ல வச்சா?"

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். உட்காரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஹோட்டல் நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின், சாப்பாட்டு மேசையில் வைக்கும் பூ, ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல் எல்லாம் ஹோட்டலின் செலவு. வருமானத்தில் கழித்துவிட்டுத்தான் அதற்கு வரி. நான் வேலைக்கு வரவேண்டுமென்றால் என் மகளை யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும். அது மட்டும் என் சொந்த ஆசைக்குச் செய்கிற செலவு, சினிமாவுக்குப் போவதுபோல.

தேத்தண்ணி நேரத்தில் அந்த உத்தியோகத்தர் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க வீட்டுலயும் சின்னது ரெண்டு. அம்மா வேற படுக்கையில. என் மனைவி டீச்சர் வேலைய விட்டுட்டாங்க" என்றார். அதற்கு ஒரு பகிடி விடலாமென்று வாயைத் திறந்தேன். பிறகு அவர் கோப்பையை வாங்கி இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தேன்.

ஆக, மகள் மலைக்குப் போனாள்.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் பிறந்து வளர்ந்த லயம் அங்கேதான். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இப்போது என் அண்ணி இருக்கிறார். அண்ணனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்தில் ஒரு முறை வருவார். அவர்களுக்குப் பிள்ளையில்லை. அண்ணி கொழுந்து பறிக்கிறவர். கேட்கத் தயங்கித் தயங்கி நான் வாசலில் நின்றபோது, அவரே பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தம்பி, இதுக்கா மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க? பிள்ளை மடுவம் இருக்கு, நான் இருக்கேன். சனிக்கெழம வந்து தூக்கிட்டுப் போங்க, ஞாயித்துக்கெழம கொண்டுவந்து விடுங்க."

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளை மடுவம். நானும் அதில் வளர்ந்தவன்தான். பலன் உங்களுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தாயின் பழைய சேலையில் தொட்டில் கட்டியிருப்பார்கள். சேலையைப் பார்த்தே எது யார் பிள்ளை என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். டவுனுக்குப் போய் அயர்ன் பண்ணின சட்டையில் வேலை பார்க்கிறவன் பிள்ளைக்கு இடமில்லை. மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அண்ணியோடு சேர்ந்து படித்தவர். அண்ணியின் மாம்பழ நிறச் சேலை ஒன்றை வாங்கித் தொட்டில் கட்டினார். "இனி இது ஒன் புள்ள. வெளியாளு யாரும் கேட்டா அதத்தான் சொல்லுவேன்" என்றார். வேலை முடிந்தது. லயம் முழுக்கத் தெரிந்த ரகசியம்.

மகள் பேசத் தொடங்கியதும்தான் சிக்கல். மடுவத்தைப் பார்க்க எப்போதாவது ஆபீசர்மார் வருவார்கள். வருகிறவர்கள் பிள்ளைகளிடம் அம்மா யார் என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளுவார்கள். இவள் உள்ளதைச் சொன்னால் ஆயாவின் வேலைக்கே ஆபத்து. அதனால் ஒரு சனிக்கிழமை ஒத்திகை தொடங்கினோம். ஆபீசர் வேடம் எனக்கு. அந்த வேடத்துக்கு என்னைவிட்டால் யார்? துவாயைக் கழுத்தில் டையாகக் கட்டி, அண்ணனின் பழைய தொப்பியை மாட்டி, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தொந்தியைத் தள்ளியபடி வாசலில் வந்து நிற்பேன். தொந்திக்கு மட்டும் வேடம் தேவைப்படவில்லை.

"குட் மோர்னிங் சேர்!" என்று மகள் சல்யூட் அடிப்பாள்.

"ம்ம்ம். ஒங்க அம்மா யாரு?"

ஓடிப்போய் அண்ணியின் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டால் ஒரு லெமன் பஃப் பிஸ்கட். அவள் அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அண்ணியின் வாயில் வைப்பாள். அது நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளே சேர்த்துக்கொண்டது. முதல் நாள் அவள் என் மனைவியிடம்தான் ஓடினாள். "தப்பு, தப்பு!" என்று எல்லோரும் கத்தினோம். மனைவியும் கைதட்டிச் சிரித்து, "அங்க போ குட்டி, அங்க!" என்று அண்ணி பக்கம் திருப்பிவிட்டாள். ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். உண்மையாகவே ஆபீசர் வந்தபோது அவர் கேட்டு முடிக்கும் முன்பே சரியாகச் செய்தாளாம். ஆயா போனில் சொல்ல, நாங்கள் இருவரும் சோதனையில் பாஸான பிள்ளையின் பெற்றோர்போலச் சிரித்தோம்.

பிறகொரு சனிக்கிழமை. நல்ல தூறல். பஸ்ஸிலிருந்து நாங்கள் இறங்கி லயத்துக்கு ஏறும் படியில் வந்தோம். மகள் எங்களைக் கண்டதும் ஓடிவந்தாள், வழுக்கி விழுந்தாள். முழங்காலில் இரத்தம். மனைவி குடையை எறிந்துவிட்டுக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை எழுந்தது, வாயைப் பிளந்து அழுதது, எங்களைப் பார்த்தது, திரும்பியது. வந்த வழியே "அம்மா" என்று ஓடிப்போய் அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அன்று யாரும் தொப்பி போட்டிருக்கவில்லை.

நீட்டிய கையை மடக்க மனைவிக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அண்ணி பதறிப்போனார். "அங்க பாரு, அம்மா வந்திருக்கு, போ, போ" என்று பிள்ளையை உரித்தெடுக்கப் பார்த்தார். உரிக்க உரிக்க அது இன்னும் ஒட்டிக்கொண்டது. "அக்கா, விடுங்க, பரவால்ல" என்றாள் மனைவி. குடையைத் தேடி எடுத்து, மடக்கி, அதைப் பிடித்தபடியே மழையில் நின்றாள்.

பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் மனைவியைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். "நம்ம புள்ள பெரிய நடிகையா வருவா" என்றேன்.

"என் கவுன்டருக்கு வர்றவங்க எல்லாம் நகைய வச்சுட்டு ஒரு ரசீது வாங்கிட்டுப் போறாங்க" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "ரசீது இருந்தா, என்னைக்காவது வந்து இது என்னோடதுன்னு கேக்கலாம். நம்மகிட்ட என்ன இருக்கு?"

அதன் பிறகு அவளுக்கு ஒரே எண்ணம்தான். மகளைத் திரும்ப எடுக்கவேண்டும். மகள் அம்மா என்று தன்னிடம் ஓடிவர வேண்டும். மதியச் சாப்பாட்டைச் சம்பலோடு முடித்துக்கொண்டாள். நான் என் மோட்டார் சைக்கிளை விற்றேன். அது ஓடியதைவிட நான் தள்ளியதே அதிகம் என்பதால் பெரிய பிரிவில்லை. இருந்தும் எட்டவில்லை. பிறகு ஒரு வரவு செலவுத் திட்டத்தில் வரி தொடங்கும் எல்லையைத் தூக்கினார்கள். நான் அதன் அடியில் நழுவி வெளியே வந்தேன். பிள்ளைக்கென்று தந்த சலுகை அல்ல. அதில் பிள்ளை என்ற பேச்சே இல்லை. நான் இன்னமும் பிரம்மச்சாரிதான், வரி கட்டாத பிரம்மச்சாரி, அவ்வளவுதான். விடுபட்டதும் பெரிய தொகை அல்ல. ஆனால் மனைவியின் சம்பளமும் அந்த நேரம் சற்றுக் கூடியிருந்ததால், யானைச் சுவர் இடத்துக்கு எப்படியோ எட்டிப்பிடித்தோம். அந்த மாதக் கணக்கில் என் பெயருக்கு நேரே வரியில்லை என்று பார்த்தபோது, ஹோட்டல் கணக்கறையில் தனியாக ஓர் ஆட்டம் ஆடினேன். கண்டது ரூம் போய் மட்டும். அவனுக்கும் வரி போயிருந்ததால் அவனும் ஆடினான்.

மகளை எடுக்கப் போன அன்று அண்ணி லீவு போடவில்லை. தலை சீவி, புதுச் சட்டை போட்டு, ஒரு பையில் சாமான்களை அடுக்கி வைத்துவிட்டு, வழக்கம்போலக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். பையில் மேலாக அந்த மாம்பழ நிறச் சேலை மடித்திருந்தது. "டவுன்ல பஸ் நெறைய இருக்காம், பாத்துட்டு வா" என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். பஸ் வளைவில் திரும்பும்போது, மேலே தேயிலைக்குள் கூடையோடு ஓர் உருவம் நிமிர்ந்து நின்றது.

"அம்மா அங்க!" என்று மகள் என் மடியில் எழுந்து நின்று கத்தினாள்.

பக்கத்தில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆமாடா குட்டி. அம்மா அங்க. டாட்டா சொல்லு" என்றாள்.

முதல் வாரங்கள் எப்படிப் போயின என்று எழுத எனக்குத் தெம்பில்லை. பிள்ளை சாப்பிடவில்லை. மனைவி தூக்கினால் வில்லாக வளைந்தது. அந்தச் சேலையில் தொட்டில் கட்டினால்தான் கண்ணை மூடியது. சேலையில் லயத்து அடுப்புப் புகை மணக்கும். மனைவி அதைத் துவைக்கவில்லை. மணம் போனால் பிள்ளை எழுந்துவிடும் என்ற பயம். வேறொருத்தியின் மணத்தில் தன் பிள்ளையை ஆட்டித் தூங்கவைத்துவிட்டு, வேலைக்குப் போகும் சட்டையை அயர்ன் பண்ணுவாள். யானைச் சுவர் இடத்து மேடம், "கொஞ்ச நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போகாதீங்க, பழகட்டும்" என்றார். அதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அண்ணியே போனில் சொன்னார்: "தம்பி, இப்போதைக்கு இங்குட்டு வராதீங்க. புள்ள கொழம்பிரும். இனி நான் போனும் பண்ணமாட்டேன்."

பழகியது. ஒரு பின்னேரம் கேட்டைத் திறந்ததும் மகள் மற்றப் பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து "அம்மா" என்று மனைவியின் காலைக் கட்டிக்கொண்டாளாம். மனைவி அங்கேயே, தெருவில், உட்கார்ந்துவிட்டாளாம். கொஞ்ச நாளில் மகள் கட்டிலிலேயே தூங்கினாள். சேலை அலுமாரிக்குள் போனது. அவள் அதைக் கேட்கவில்லை.

அடுத்து அண்ணியை நாங்கள் கண்டது அம்மன் தேரன்று. தேருக்கு மாத்தளை டவுன் கொள்ளாது. மகள் என் தோளில். சனத்துக்குள்ளிருந்து அண்ணி வந்தார், நல்ல சேலை கட்டி, கையில் ஒரு லெமன் பஃப் பக்கெட்டோடு. தூரத்திலிருந்தே பிள்ளையைக் கண்டுவிட்டார்; சிரித்த முகத்தோடு இடித்துக்கொண்டு வந்தார். நான் மகளை இறக்கிவிட்டேன்.

இறங்கியவள் மனைவியின் பின்னால் போய்ச் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"யாரு வந்திருக்கா பாரு" என்றேன். "பெரியம்மாடா!" என்றேன். ஒரு கண் மட்டும் வெளியே வந்து பார்த்தது. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

"சின்னப் புள்ளதானே, வெக்கம்" என்றார் அண்ணி. பிறகு மனைவியிடம், "தங்கச்சி, அந்தச் சேல இன்னும் வேணுமா அவளுக்கு?"

"அது இல்லாம தூங்கமாட்டாக்கா" என்றாள் மனைவி.

அண்ணி அவளையே பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, என் தோளில் கிடந்த துவாயை இழுத்துத் தன் கழுத்தில் டையாகக் கட்டினார். தன் குடையைக் கக்கத்தில் வைத்தார். இல்லாத தொந்தியைத் தள்ளிக்கொண்டு, என்னைப்போலவே தொண்டையைச் செருமினார். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"ம்ம்ம். ஒங்க அம்மா யாரு?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டு ஞாபகம் இருந்தது. விடையை மாற்றித்தான் சொன்னாள். மனைவியின் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இந்தா!" என்றாள்.

"வெரி குட்" என்றார் அண்ணி. பக்கெட்டைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். மகள் வந்து வாங்கினாள். இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியோடு திரும்பி, நுனிக்காலில் எம்பி நின்று, அதை என் மனைவியின் வாயில் வைத்தாள்.

மனைவியால் அதை மெல்ல முடியவில்லை. வாயில் வைத்தபடியே நின்றாள். அண்ணி குனிந்து தன் கையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூள் அங்கே இல்லை.

ரத்தோட்டை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். துவாயைக் கழற்றித் தந்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். எல்லோரும் என்னிடம் அதைத்தானே எதிர்பார்ப்பார்கள். மகளை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கி, "ஆபீசர் போறாரு, வணக்கம் சொல்லு" என்றேன்.

அவள் நெற்றியில் கையை வைத்து, "போய்ட்டு வாங்க சேர்" என்றாள்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பஸ் திரும்பும்வரை கையை இறக்கவில்லை.